நன்கொடை கேட்டு வரும் கடிதங்களை எடைபோடுதல்

தபால்வழி நிதி திரட்டல் என்பது, ஒரு தொண்டு நிறுவனம் ஒரே வாசகம் கொண்ட வேண்டுகோள் கடிதத்தை அச்சிட்டு, ஆயிரக்கணக்கான அல்லது லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே வேளையில் அனுப்பி, அவற்றுள் மிகச் சிறு பகுதியினர் அனுப்பும் நன்கொடையால் செலவையும் ஈடுகட்டி, தொண்டுக்கும் பணம் சேர்க்கும் முறையாகும். இம்முறை மிகப் பெரிய அளவில் வளர்ந்திருப்பதும், அதைப் பற்றிய கணக்குகளும் தீர்ப்புகளும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதும் அமெரிக்காவில்தான். ஆகவே இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறையையே எடுத்துக்கொள்கிறது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் தபால் பெட்டிகளிலும், குறிப்பாகப் பிள்ளைகளோடு வந்து தங்கி, ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி வரி வரை படிக்கும் முதியோரின் கைகளிலும், இக்கடிதங்கள் வந்து சேர்வதால் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறை அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

கடிதம் எழுதி உதவி கேட்பதில் குற்றம் ஏதுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காசநோய் நிவாரணத்துக்காக 1907-இல் டெலவேர் மாநிலத்தில் எமிலி பிஸ்ஸெல் தொடங்கிய கிறிஸ்துமஸ் முத்திரை விற்பனையும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக 1934-இல் தொடங்கிய ஈஸ்டர் முத்திரைத் திட்டமும், கடித உறையில் ஒட்டும் ஒரு சிறு வண்ணத்தாளைக் கொண்டே பெரும் பணிகளுக்கு நிதி சேர்த்தன. இளம்பிள்ளைவாதத்துக்கு எதிராக ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புமாறு 1938-இல் விடுக்கப்பட்ட வேண்டுகோளுக்கு 2,68,000 டாலர் மதிப்புள்ள நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. இவற்றில் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், கொடுத்தது எங்கே போயிற்று என்பது கொடுத்தவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று மறைக்கப்படும் இடத்தில்தான் கேள்விக்குரிய உத்தி பிறக்கிறது. கீழே வரும் எல்லாவற்றையும் இந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கலாம்.

உறையும் அதன் வேடமும்

தபால்வழி நிதி திரட்டுவோர் முதலில் கடக்க வேண்டிய தடை குப்பைக் கூடை. உறை பிரிக்கப்படாமலே போனால் உள்ளே எத்தனை உருக்கமான எழுத்து இருந்தும் பயனில்லை என்பதால், உறையைப் பிரிக்க வைப்பதற்கென்றே ஒரு தனிக் கலை வளர்ந்துள்ளது. கையால் எழுதியது போன்ற எழுத்துருவில் முகவரியை அச்சிடுவது, மொத்த அஞ்சலுக்குரிய அச்சு முத்திரைக்குப் பதிலாக உண்மையான தபால்தலை போன்ற ஒன்றைச் சற்றுச் சாய்வாக ஒட்டுவது, அனுப்புநர் பெயரை விட்டுவிட்டு வெறும் தெரு முகவரியை மட்டும் போடுவது ஆகியவை இக்கலையின் எளிய வடிவங்கள். இவை எரிச்சலூட்டினாலும் பெரிய தீங்கு செய்வதில்லை.

தீங்கு தொடங்குவது உறை வேறொரு ஆவணமாக வேடம் போடும்போதுதான். "இரண்டாம் அறிவிப்பு" என்றோ "செலுத்த வேண்டிய தொகை" என்றோ சிவப்பில் அச்சிட்ட கடிதம், கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி நிற்பதான எண்ணத்தை உண்டாக்குகிறது. நினைவு மங்கத் தொடங்கிய முதியவர் ஒருவர், தாம் முன்பு ஒப்புக்கொண்டதை மறந்துவிட்டதாக வெட்கப்பட்டு அந்தத் தொகையை அனுப்பிவிடுவார். அரசு காசோலை வரும் உறையின் நிறத்தையும், கழுகுச் சின்னத்தையும், சட்டப்பிரிவு எண்களையும் போலி செய்யும் உறைகள் இதற்கும் ஒரு படி மேலே செல்கின்றன. அரசு சார்பற்ற அமைப்பு ஒன்று, தனக்கு மத்திய அரசோடு தொடர்பு இருப்பதாக எண்ண வைக்கும் தோற்றத்தில் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், தான் அரசு அமைப்பல்ல என்பதை அதில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது அமெரிக்க அஞ்சல் சட்டத்தின் விதி. 1999-இன் ஏமாற்று அஞ்சல் தடுப்புச் சட்டம் இந்த விதிகளை இறுக்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் போலத் தோன்றும் நிதி வேண்டுகோள்களைக் கட்டுப்படுத்த 2010-இல் தனியாகவே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது இந்த வேடம் எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டும்.

கேட்காமல் வரும் பரிசு

பெறுபவரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள், வாழ்த்து அட்டைகள், காலண்டர், ஜெபமாலை, சிறு போர்வை, துணிப்பை, உறையின் ஜன்னல் வழியே பளபளக்கும் ஐந்து சென்ட் நாணயம் என்று, யாரும் கேட்காத பொருளை வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பும் முறையை இத்தொழிலில் இருப்போர் "பிரீமியம்" என்று அழைக்கின்றனர். நன்கொடைக்கு முன்பே வந்துவிடுவது முன்-பிரீமியம்; கொடுத்த பிறகு அனுப்புவதாகச் சொல்வது பின்-பிரீமியம். இரண்டாவது வகையில் பெறுபவர் தாமாக ஒப்புக்கொண்டு பெறுவதால் அதில் வற்புறுத்தல் குறைவு.

முன்-பிரீமியம் வேலை செய்வதற்குக் காரணம், பெற்றதைத் திருப்பிச் செய்யாமல் இருப்பது இழிவு என்ற உணர்வு எல்லாச் சமூகங்களிலும் ஆழமாக வேரூன்றியிருப்பதாகும். சமூக உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினி தமது புகழ்பெற்ற நூலில் இதற்கு எடுத்துக்காட்டாக, மாற்றுத்திறனாளியான முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அமைப்பு ஒன்றின் அனுபவத்தைத் தருகிறார்: வெறும் கடிதத்துக்கு ஏறத்தாழ 18 சதவீதத்தினர் பதிலளித்த இடத்தில், முகவரி ஸ்டிக்கர்களைச் சேர்த்து அனுப்பியபோது அது 35 சதவீதமாயிற்று. பொருளியல் அறிஞர் ஆர்மின் ஃபால்க் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 10,000 கடிதங்களைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டாக்கா நகரத் தெருக் குழந்தைகளுக்காக நிதி கேட்ட கடிதத்தோடு ஓர் அஞ்சலட்டையைச் சேர்த்தபோது கொடுத்தோர் எண்ணிக்கை 17 சதவீதமும், நான்கு அட்டைகளைச் சேர்த்தபோது 75 சதவீதமும் உயர்ந்தன. குழந்தைகளின் தேவை மூன்று வகைக் கடிதங்களிலும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது உறையில் இருந்த அட்டைகளின் எண்ணிக்கை மட்டுமே.

இங்கே வாசகர் உறுதியாக அறிந்துகொள்ள வேண்டியது சட்டத்தின் நிலையாகும். கேட்காத பொருளைத் தபாலில் அனுப்பிவிட்டு விலை கேட்பதை அமெரிக்கச் சட்டம் 1970 முதல் நேர்மையற்ற வணிக முறையாகக் கருதித் தடுக்கிறது. நன்கொடை கேட்கும் தொண்டு நிறுவனங்கள் பொருள் அனுப்புவதற்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், பெறுபவரின் உரிமையில் மாற்றமில்லை: அந்தப் பொருளை அவர் வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், தூக்கி எறியலாம், பணம் தரவோ திருப்பி அனுப்பவோ கடமை எதுவும் இல்லை. ஸ்டிக்கரை உறையில் ஒட்டிக்கொண்டு நன்கொடை அனுப்பாமல் இருப்பது களவாகிவிடுமோ என்று மனம் நோகும் நல்லவர்கள் பலர் உள்ளனர். அவர்களின் அந்த நல்ல மனத்தைக் கணக்கிட்டே அது அனுப்பப்பட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது வீட்டிலுள்ள இளையோரின் பொறுப்பு. பிரிட்டனின் நிதி திரட்டல் நெறிமுறை, கடிதத்தோடு வைக்கும் பொருள் நோக்கத்தை விளக்குவதற்காக இருக்க வேண்டுமே தவிர, குற்ற உணர்வாலோ சங்கடத்தாலோ பணம் வரவழைப்பதற்காக இருக்கக் கூடாது என்று வரையறுத்திருப்பது இவ்விஷயத்தில் சரியான எல்லைக்கோடாகத் தோன்றுகிறது.

கடிதத்தின் உள்ளே

கடிதத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு முகம் இருக்கும். ஒருவரின் துயரம் ஆயிரம் பேரின் துயரத்தைவிட அதிகமாகக் கையை நீட்ட வைக்கும் என்பதை ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. மாலி நாட்டின் ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலரும், ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலரும் கொடுத்தனர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43 டாலராகச் சரிந்தது. கணக்கைச் சொன்னால் கொடை குறையும் என்பதை அறிந்தவர்கள் கணக்கைச் சொல்லாமல் விடுவது இயல்பே. ஆனால் படத்தில் உள்ளவர் உண்மையில் அந்த நிறுவனத்தால் உதவி பெற்றவரா, அல்லது விலைக்கு வாங்கிய படமும் ஜோடித்த கதையுமா என்ற கேள்விக்கு விடை தராத கடிதத்தை நம்பக் கூடாது.

"இன்று நீங்கள் தரும் ஒவ்வொரு டாலரும் இரண்டாகும்" என்ற ஈட்டுக் கொடை வாக்குறுதி அடுத்தது. ஈட்டுக் கொடை என்பது, பிறர் தரும் தொகைக்குச் சமமான தொகையைத் தானும் தருவதாக ஒரு பெருங்கொடையாளர் ஒப்புக்கொள்வதாகும். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் ஆகியோர் 50,000 கடிதங்களுக்கு மேல் அனுப்பிச் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாக்குறுதி பதில் தருவோர் எண்ணிக்கையை 22 சதவீதம் உயர்த்தியது. ஒன்றுக்கு ஒன்று என்று சொன்னாலும் ஒன்றுக்கு மூன்று என்று சொன்னாலும் விளைவில் வேறுபாடு இல்லை. வாக்குறுதி உண்மையாக இருக்கும்வரை இதில் பிழையில்லை. சிறு நன்கொடைகள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பெருந்தொகை எப்படியும் கிடைக்கப் போகிறதென்றால், வாசகரின் டாலர் இரண்டாகவில்லை. அவரிடம் பொய் சொல்லப்பட்டிருக்கிறது. கொடுப்பவரின் பெயர், மொத்த வரம்பு, வரம்பு எட்டாவிட்டால் என்ன நடக்கும் ஆகியவற்றைக் கேட்டு எழுதினால் நேர்மையான நிறுவனம் பதில் தரும்.

கருத்துக் கணிப்பு என்ற பெயரில் வரும் தாள்களுக்கு அதிக இடம் தேவையில்லை. "வதைபடும் விலங்குகளைக் காப்பது அவசியமென்று கருதுகிறீர்களா" என்பது போன்ற கேள்விகளுக்கு ஒரே பதில்தான் உண்டு. நான்கு முறை "ஆம்" என்று குறியிட்ட கை ஐந்தாவது கட்டத்தில் தொகையையும் குறியிடும் என்பதே அதன் நோக்கம். அந்த ஐந்தாவது கட்டத்தில் அச்சிட்டிருக்கும் 25, 50, 100 என்ற தொகைகளும் எல்லோருக்கும் பொதுவானவையல்ல. கடந்த முறை ஒருவர் கொடுத்ததைப் பார்த்து, அதைவிடச் சற்று உயர்த்திக் கணினி நிரப்பியவை.

பெயரே பண்டமாகும் சந்தை

ஒரு நிறுவனத்துக்குப் பத்து டாலர் அனுப்பியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் முன்பின் தெரியாத பத்து நிறுவனங்களிடமிருந்து கடிதம் வருவது தற்செயல் அல்ல. நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல்களை ஆயிரம் பெயருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவதும், ஒரு நிறுவனம் தன் பட்டியலைக் கொடுத்து இன்னொன்றின் பட்டியலை வாங்கிக்கொள்வதும் இத்துறையின் அன்றாட வழக்கம். இடையில் நின்று இதை முடித்துத் தருவோர் பட்டியல் தரகர்கள். வாடகை ஒருமுறைப் பயனுக்கு மட்டுமே என்பதால், பட்டியலின் உரிமையாளர் சில கற்பனைப் பெயர்களை அதில் கலந்து வைத்து, ஒப்பந்தத்தை மீறி இரண்டாம் முறை கடிதம் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் வாடகைப் பட்டியலிலிருந்து யாரேனும் பதில் அனுப்பினால், அவர் பெயர் அந்தக் கணமே வாடகைக்கு எடுத்தவரின் சொந்தப் பட்டியலில் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் வாடகைக்குப் போகத் தொடங்கும். கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற மூன்றுமே ஒரு பெயரின் விலையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மனம் இரங்கி இருபது இடங்களுக்கு ஐந்து ஐந்து டாலராகப் பிரித்து அனுப்புகிறவரே இச்சந்தையில் மிக அதிகமாகச் சுற்றி வருகிறார்; அவரது ஐந்து டாலர், அவருக்கு அடுத்தடுத்து வரும் கடிதங்களின் அச்சுக்கூலிக்கும் தபால் கட்டணத்துக்குமே பெரும்பாலும் போய்ச் சேர்கிறது.

இச்சந்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரிட்டன் 2015-இல் கண்டது. நீண்ட காலம் தன்னார்வப் பணி செய்து வந்த 92 வயது மூதாட்டி ஒருவர் இறந்தபின், அவர் பெயரை 99 தொண்டு நிறுவனங்கள் தம் பட்டியல்களில் வைத்திருந்தது விசாரணையில் தெரிய வந்தது. அவருடைய மரணத்துக்கு அந்நிறுவனங்களின் கடிதங்கள் காரணமல்ல என்று குடும்பத்தினர் தெளிவாகச் சொன்னார்கள். அதை மதிக்க வேண்டும். ஆயினும் ஒரே வீட்டை நோக்கித் திரண்ட வேண்டுகோள்களின் அளவு நாட்டையே உலுக்கியதால், 2016-இல் புதிய நிதி திரட்டல் ஒழுங்குமுறை அமைப்பும், 2017-இல் இன்ன நிறுவனம் தம்மைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று எவரும் பதிவுசெய்துகொள்ளும் சேவையும் தொடங்கப்பட்டன. கொடையாளர்களின் செல்வ நிலையை அவர்கள் அறியாமலே வெளி நிறுவனங்களைக் கொண்டு அளந்ததற்காக, அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2016 டிசம்பரில் விலங்கு நலத்திலும் இதய நோய் ஆய்விலும் பெயர்பெற்ற இரண்டு அமைப்புகளுக்கு அபராதம் விதித்தார். அமெரிக்காவில் அந்தப் பதிவுச் சேவைக்கு இணையான அரசு ஏற்பாடு ஒன்றும் இல்லை.

கடிதமே தொண்டாகும் கணக்கு

மேலே சொன்ன உத்திகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. இவற்றைவிடக் கடுமையானது, உறையில் தெரியாமல் ஆண்டுக் கணக்கில் மட்டும் தெரிவது. இந்த அத்தியாயத்தில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுவாகவே இருக்க வேண்டும்.

கூட்டுச் செலவுப் பகிர்வு என்பது, ஒரே கடிதம் நிதி கேட்பதோடு மக்களுக்கு ஏதேனும் கற்றுத் தரவும் செய்தால், அதன் அச்சு, தபால் செலவைக் கணக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நிதி திரட்டும் செலவாகவும் மறுபங்கைத் தொண்டுச் செலவாகவும் எழுதும் முறை. நோய் அறிகுறிகளை விளக்கி உடனே பரிசோதனைக்குச் செல்லச் சொல்லும் ஒரு கடிதம், அடியில் நன்கொடையும் கேட்டால், இந்தப் பகிர்வு நியாயமே. இதன் துஷ்பிரயோகத்தைத் தடுப்பதற்காக 1998-இல் அமெரிக்கக் கணக்காளர் கழகம் மூன்று நிபந்தனைகளை வகுத்தது. கடிதத்தின் நோக்கம் நிறுவனத்தின் தொண்டை நிறைவேற்றுவதாக இருக்க வேண்டும். பெறுவோர், பணம் தரக்கூடியவர்கள் என்பதற்காக அல்லாமல் அந்தச் செய்தி தேவைப்படுகிறவர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளடக்கம், பணம் தருவதல்லாத வேறொரு குறிப்பான செயலைச் செய்யச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் முழுச் செலவும் நிதி திரட்டும் செலவே. நிபந்தனைகள் கண்டிப்பாகத் தோன்றினாலும், கடிதத்தின் பின்பக்கத்தில் "அண்டை வீட்டில் இருக்கும் முன்னாள் படைவீரருக்கு நன்றி சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, செலவில் பெரும்பகுதியைப் பொதுமக்கள் கல்வி என்று எழுதிக்கொள்ளும் வழியை அவை முற்றாக அடைக்கவில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 1 கோடி டாலர் திரட்டி, அதில் 60 லட்சத்தைக் கடிதங்களுக்கும், 5 லட்சத்தை நிர்வாகத்துக்கும், 35 லட்சத்தை நேரடித் தொண்டுக்கும் செலவிடுவதாகக் கொள்வோம். கடிதச் செலவில் பாதியைக் கல்வி என்று மாற்றி எழுதியதும், தொண்டுச் செலவு 65 லட்சமாகவும் நிதி திரட்டும் செலவு 30 லட்சமாகவும் மாறிவிடுகிறது. மொத்தச் செலவில் குறைந்தது 65 சதவீதம் தொண்டுக்குப் போக வேண்டும், நன்கொடை வரவில் 35 சதவீதத்துக்கு மேல் நிதி திரட்ட ஆகக் கூடாது என்பது அமெரிக்காவில் பரவலாக மதிக்கப்படும் கண்காணிப்பு அமைப்பான பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸின் அளவுகோல். ஒரு ரொட்டித் துண்டுகூடக் கூடுதலாக யாருக்கும் போய்ச் சேராமல், பேனா முனையிலேயே அந்த அளவுகோலை இந்த நிறுவனம் எட்டிவிட்டது. நன்கொடை கேட்டு வந்த கடிதத்தைப் படித்ததால் வாசகரே தொண்டு பெற்ற பயனாளி ஆகிவிடுகிறார் என்பதுதான் இக்கணக்கின் உட்பொருள். தம் பணம் பசித்தவருக்கோ நோயாளிக்கோ சென்றதாக நம்பியிருக்கும் கொடையாளருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

பொருட்கொடையின் மதிப்பை உயர்த்திக் காட்டுவது இதற்குத் துணைபோகும் மற்றொரு வழி. ஏற்றுமதிக் கப்பலில் போகும் மருந்துப் பொருள்கள் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தொட்டுக்கொண்டு சென்றாலே போதும், அவற்றின் மதிப்பு வரவிலும் தொண்டுச் செலவிலும் ஏறி, கடிதச் செலவின் விகிதத்தைச் சிறிதாக்கிவிடும். அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து 2015-இல் தொடுத்த வழக்கில், கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்காவும் அதோடு இணைந்த மூன்று அமைப்புகளும் 2008 முதல் 2012 வரை 18.7 கோடி டாலர் திரட்டியதாகவும், புற்றுநோயாளிகளுக்குச் சென்றது அதில் ஏறத்தாழ 3 சதவீதமே என்றும் குற்றம் சாட்டப்பட்டது. அதே அமைப்புகள் 22.3 கோடி டாலருக்கு மேல் பொருட்கொடை வழங்கியதாகக் கணக்குக் காட்டியிருந்தன. அப்பொருள்கள் அவற்றின் வழியே கடந்து சென்றவை மட்டுமே என்றது புகார். நீண்ட காலமாக மதிப்புப் பெற்ற வேறொரு புற்றுநோய் அமைப்பின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இவ்வகை அமைப்புகளில் அடிக்கடி காணப்படுகிறது.

தொண்டு நிறுவனமே சிக்கிக்கொள்ளும் வகையும் உண்டு. புதிதாகத் தொடங்கும் அமைப்பிடம் "உங்களுக்கு ஒரு சென்ட் செலவில்லை, அச்சு, தபால் எல்லாம் நாங்கள் போட்டுக்கொள்கிறோம், வரும் நன்கொடையில் கழித்துக்கொள்ளலாம்" என்று நிதி திரட்டும் வணிக நிறுவனம் ஒப்பந்தம் நீட்டுகிறது. புதியவர்களைச் சேர்க்க அனுப்பும் கடிதங்கள் முதல் சில ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடுவதால், கடன் ஏறிக்கொண்டே போய், அமைப்பு அந்த வணிகரைவிட்டு விலகவே முடியாத நிலை வருகிறது. 2007-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர் தேசிய அறக்கட்டளை ஒன்று திரட்டிய 11.6 கோடி டாலரில் 10.4 கோடிக்கு மேல் குவாட்ரிகா ஆர்ட் என்னும் தபால் நிதித் திரட்டு நிறுவனத்துக்கும் அதன் கூட்டாளிக்குமே சென்றதாக நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் கண்டறிந்தார். 2014-இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மதிப்பு, தள்ளுபடி செய்யப்பட்ட கடனையும் சேர்த்து, 2.4 கோடி டாலரைத் தாண்டியது.

சட்டத்தால் ஏன் முடியவில்லை

கொடையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் செலவாகக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். போட்டுப் பார்த்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பர்க் சிற்றூர், 75 சதவீதம் தொண்டுக்குப் போக வேண்டும் என்று விதித்ததை 1980-இலும், மேரிலாந்து மாநிலத்தின் 25 சதவீத வரம்பை 1984-இலும், வட கரோலினாவின் சட்டத்தை 1988-இல் ரைலி வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. நன்கொடை கேட்பது பேச்சுரிமையோடு பிணைந்தது, அதிகச் செலவு என்பது மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது, கேட்கும்போதே சதவீதத்தைச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது என்பவை அத்தீர்ப்புகளின் சாரம். மக்கள் வெறுக்கும் நோக்கத்துக்காகப் போராடும் சிறிய அமைப்புக்கு ஆதரவாளரைத் தேடும் செலவு கூடுதலாகத்தான் இருக்கும் என்பதால் இந்த நிலைப்பாட்டில் நியாயம் உண்டு. திரட்டியதில் 85 சதவீதத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, பெரும்பகுதி படைவீரருக்குப் போகிறது என்று பொய் சொன்னவர்கள் மீது மோசடி வழக்குத் தொடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. ஆகப் பொய் சொன்னால் பிடிக்கலாம். சொல்லாமல் விட்டால் பிடிப்பது கடினம். அந்த இடைவெளியைக் கொடையாளர்தான் தம் கையால் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கொடையாளர் செய்யத்தக்கவை

யாருக்கு, எவ்வளவு என்பதைக் கடிதம் வருமுன்பே முடிவு செய்வது எல்லா உத்திகளையும் ஒரே வீச்சில் பயனற்றதாக்கிவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் குடும்பத்தார் உட்கார்ந்து, தாங்கள் அக்கறை கொண்ட மூன்று அல்லது நான்கு பணிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் சற்றுப் பெரிய தொகையாக ஒதுக்கிவிட்டால், அதன்பின் வரும் உறைகள் தகவலாக மட்டுமே நிற்கும். தெரிவு செய்யும்போது நிறுவனத்தின் படிவம் 990-ஐப் பார்க்க வேண்டும். வரிவிலக்குப் பெற்ற பல தொண்டு நிறுவனங்கள் வருவாய்த் துறைக்கு ஆண்டுதோறும் தரும் இந்த அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்டால் கடைசி மூன்று ஆண்டுகளின் படிகளை நிறுவனமே தரக் கடமைப்பட்டுள்ளது. தேவாலயங்கள் இதைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்பதால் அவற்றின் கணக்கை நேரில்தான் கேட்க வேண்டும்.

அப்படிவத்தின் ஒன்பதாம் பகுதியில் செலவுகள் தொண்டு, நிர்வாகம், நிதி திரட்டல் என்ற பத்திகளாகப் பிரிந்திருக்கும். பலர் அங்கே சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதே பகுதியின் இறுதியில் 26-ஆம் வரியில் கூட்டுச் செலவு தனியே காட்டப்பட்டிருக்கும். அங்கே பெருந்தொகை இருந்தால், அதில் தொண்டுப் பத்தியில் எழுதிய பங்கை அங்கிருந்து கழித்து நிதி திரட்டலோடு சேர்த்து மறுபடி கணக்கிட வேண்டும். எட்டாம் பகுதியில் பணமல்லாத கொடையின் மதிப்பு தெரியும். அதையும் வரவிலிருந்தும் செலவிலிருந்தும் நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சும் உருவம் பல வேளைகளில் முற்றிலும் வேறாக இருக்கும். தொழில்முறைத் திரட்டாளருக்கு 15,000 டாலருக்கு மேல் கட்டணம் தரும் நிறுவனங்கள் இணைக்கும் ஜி அட்டவணையில், திரட்டாளர் வழியே வந்தது எவ்வளவு, அவருக்குக் கொடுத்தது எவ்வளவு, நிறுவனத்துக்கு மிஞ்சியது எவ்வளவு என்று மூன்று எண்கள் அருகருகே நிற்கும். கணக்குத் தெரியாதவருக்கும் அவை புரியும்.

வேண்டாத கடிதங்களை நிறுத்த, உறையின் மேல் "மறுக்கப்பட்டது" என்று எழுதித் தபால்காரரிடம் கொடுப்பதால் பயனில்லை. குறைந்த கட்டணத்தில் வரும் மொத்த அஞ்சல், அனுப்புநர் தனியே கேட்டிருந்தாலன்றி, திரும்பிப் போகாமல் அழிக்கப்பட்டுவிடும். கடிதத்தில் முகவரி அச்சான பகுதியைக் கத்தரித்து, அதில்தான் பெயருக்குரிய குறியீட்டு எண் இருக்கும் என்பதால், அதையே இணைத்து, "இந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்று எழுதி அனுப்ப வேண்டும். தொடர்ந்து ஆதரிக்க விரும்பும் நிறுவனமென்றால், ஆண்டுக்கு ஒரே ஒரு கடிதம் போதும் என்றும், பெயரை வாடகைக்கோ மாற்றுக்கோ விடக் கூடாது என்றும் நன்கொடையோடு சேர்த்தே எழுதலாம். பெயரைப் பகிர வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு, 1993-இல் நிதி திரட்டுவோர் அமைப்புகளே வகுத்து வெளியிட்ட நன்கொடையாளர் உரிமைப் பட்டயத்தில் இடம்பெற்றிருக்கிறது. பாக்கி இருப்பதாகப் பொய் சொல்லும் கடிதங்களையும், அரசு ஆவணம் போல நடிக்கும் உறைகளையும் தூக்கி எறியாமல், உறையோடு சேர்த்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் அஞ்சல் ஆய்வுப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். உறை இல்லாத கடிதம் பாதிச் சான்றே.

முதிய பெற்றோரின் வீட்டில் இதைச் செய்பவர்கள், அவர்கள் இதுவரை அனுப்பிய காசோலைகளின் அடிக்கட்டைகளை அவர்களோடு உட்கார்ந்து பார்த்து, எவை அவர்கள் மனம் விரும்பிச் செய்தவை, எவை உறைக்குப் பயந்து செய்தவை என்று அவர்களையே பிரிக்கச் சொல்வது நல்லது. விரும்பிச் செய்தவற்றைத் தடுக்கக் கூடாது. நீக்கச் சொல்லி எழுதிய பிறகும், அடுத்த அனுப்புகைக்கான முகவரிகள் முன்பே அச்சாகியிருப்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்குக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே எந்த நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் எழுதினோம் என்பதை ஒரு தாளில் குறித்து வைத்து, அதற்குப் பின்னும் வருபவற்றுக்கு மட்டும் இரண்டாம் முறை எழுதினால் போதும்.